இவர் ஏன் பிரதீஸை இறக்கவில்லை

கிரெய்கிபர்ன், மெல்பேர்ண்
27.08.2013

அன்புள்ள சிறி அண்ணாவுக்கு,

அருந்ததி எழுதுகிறேன். நீங்களும் யோகா அக்காவும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே குளிர் போவதுபோலப் போய்த் திரும்பத் திரும்ப வருகிறது. உங்களுக்குக் கனடாவில் இப்போது கோடை. அக்காவின் தோட்டத்தில் பாகற்காய் காய்த்துத் தள்ளுவதாகக் கேள்விப்பட்டேன். கொடுத்துவைத்தவர்கள்.

போனில் கதைக்காமல் ஏன் மெயிலில் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் தொடங்கினால் அழுதுவிடுவேன், ஒன்றையும் ஒழுங்காகச் சொல்லி முடிக்கமாட்டேன். இவர் பஸ் ஓட்டப் போயிருக்கிறார். வருவதற்குள் எழுதி முடிக்கவேண்டும்.

அன்றைக்கு நீங்கள் போன் எடுத்து, "மச்சான், பொறுப்பை வேற ஆரிட்டையும் விட்டுக்குடன்" என்று இவருக்குச் சொன்னது எனக்கும் கேட்டது. இவர் "ஓம் சிறி, பாப்பம்" என்று வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய்ப் பந்துகளுக்குக் காற்றடித்தார். காற்று நிறைந்திருந்த பந்துக்கும் அடித்தார். உங்களில் எனக்குக் கோபம் இல்லை. இங்கே பழைய மாணவர் சங்கத் தலைவராக இருக்கும் சிறிதரன் உங்களுக்கு என்ன எழுதியிருப்பார் என்று தெரியும். அவர் எழுதியதில் ஒரு பொய்யும் இராது. அதுதான் எனக்குப் பெரிய குழப்பம்.

உண்மைதான், இவர் பயிற்றுவிக்கும் நம் கல்லூரிப் பழைய மாணவர் உதைபந்தாட்ட அணி இந்த வருடமும் தோற்றுக்கொண்டே இருக்கிறது. ஆனால் இங்கே வந்து பார்க்கிறவர்களின் எதிர்பார்ப்பை நீங்கள் நேரில் பார்க்கவேண்டும். நீங்கள் கப்டனாக இருந்த வருடத்துக் கதையை ஒவ்வொரு ஞாயிறும் மைதானத்து ஓரத்தில் சொல்கிறார்கள். இரத்தினசிங்கம் அங்கிள் மடக்குக் கதிரையும் ஊதுகுழலும் கொண்டு வருவார். முதல் கோல் விழுந்ததும் குழலை வைத்துவிட்டு இவரை ஏசத் தொடங்குவார். விளையாடுகிறவர்கள் யார்? இங்கே பிறந்த பிள்ளைகள். தகப்பன்மார் கட்டாயப்படுத்தியதால் காதில் பாட்டோடு வந்து நிற்கிறார்கள். இவர் கத்தினால் "சில், அங்கிள்" என்று இவரையே அமைதிப்படுத்துகிறார்கள். நம் கல்லூரி ஒருகாலத்தில் யாரை வென்றால் அவர்களுக்கு என்ன?

போன வருடக் கடைசியில்தான் பிரதீஸ் வந்தான். ஊரிலிருந்து போட்டில் தஞ்சம் கேட்டு வந்த பிள்ளை, இருபத்திரண்டு வயது. தடுப்பு முகாமிலிருந்து விட்டபோது கையில் ஒரு தற்காலிக விசா, வேலை செய்ய அனுமதி இல்லை. நாலைந்து பேரோடு ஓர் அறையில் இருக்கிறான். பயிற்சி நடப்பதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவனை இவர்தான் உள்ளே கூப்பிட்டார். கல்லூரிப் பிள்ளை இல்லையே என்று சிறிதரன் முதலில் மறுத்தார். இரண்டு ஆட்டங்களில் அவன் கோல் அடித்ததும், அவனுடைய தாய்மாமன் ஒருவர் நம் கல்லூரியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர் என்று அவரே கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். அதன்பிறகு மைதானம் முழுக்க "பிரதீஸ், பிரதீஸ்" என்ற சத்தம்தான். ஓஃப்சைட் என்றால் என்னவென்று இன்றைக்கும் விளங்காத நானே எழுந்து நின்று கத்தினேன். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. சோறு போடப் போட "காணும், போதும் அன்ரி" என்பான், சோற்றுக் கோப்பையை மட்டும் விலக்கமாட்டான்.

பிறகு ஒருநாள் இவர் அவனை இறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இறக்கவில்லை. கேட்டவர்களுக்கு "இன்னும் பழகவேணும்" என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், பிறகு கோபித்தார்கள். உங்களுக்கு மெயில்கள் வரத் தொடங்கியது அப்போதுதான்.

காரணம் எனக்குத் தெரியும் அண்ணா. கேட்கவென்று கேட்டதல்ல. கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். இவருடைய போன் அடித்தது. கார் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். "ஐயா, நான் பிரதீஸின்ர அம்மா கதைக்கிறன். ஏதும் எண்டால் கூப்பிடச் சொல்லி இந்த நம்பரைப் பிள்ளை தந்தவன்." ஊரில் அவர்களுடைய வீட்டுக்கு புலனாய்வுக்காரர் என்று சொல்லிக்கொண்டு மோட்டார்சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்களாம். பிரதீஸ் கோல் அடித்துவிட்டுக் கையை விரித்து ஓடும் படம், சங்கத்தின் ஃபேஸ்புக்கில் வந்தது, அவர்களிடம் அச்செடுத்து இருந்ததாம். எப்போது போனவன், யாரோடு போனவன், அங்கே யார் யாரோடு திரிகிறான் என்று கேட்டார்களாம். தங்கச்சிக்காரியையும் இருத்தி வைத்துக் கேட்டார்களாம். "என்ர பிள்ளையை விளையாட விடாதையுங்கோ ஐயா. படத்தில வரவிடாதையுங்கோ. ஆனால் இதை அவனுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. அறிஞ்சால் தானாய்த் திரும்பிப் போறன் எண்டு அங்க கையெழுத்து வைச்சிட்டு வந்திடுவான்."

இவர் "சரி தங்கச்சி, நான் பாக்கிறன்" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு திரும்பவேண்டிய பாதையைத் தவறவிட்டு எங்கோ போய்விட்டோம். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்திவிட்டார்கள். வெளியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தோம்.

படம் எடுக்கும் சேகரிடம் போய்ப் பழைய படங்களை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார். காரணம் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த நாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். "தோத்தால் படத்தையும் அழிக்கிறதோ அண்ணை?" என்று சேகர் கோபித்துக்கொண்டு, இருந்த படங்களோடு இன்னும் நாலைப் போட்டுவிட்டார்.

பிரதீஸ் வெள்ளிக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டான். போட்டில் வந்தவன் என்றுதான் ஒதுக்குகிறோம் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. தேர்தல் நேரம், டிவியைப் போட்டால் போட்டில் வருகிறவர்களைத் தடுப்போம் என்ற கதைதான். எங்களையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டான். அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று இவரோடு சண்டை பிடித்தேன். மறுநாள் அவனுடைய தாயை நினைத்து, சொல்லவேண்டாம் என்று சண்டை பிடித்தேன். எந்த அருந்ததி சொல்வதைக் கேட்பது என்று இவர் கேட்டார்.

போன ஞாயிறு டண்டினோங் அணியோடு ஆட்டம். அவர்களுடைய ஜெர்சியில் பிரதீஸ் இறங்கினான். நமக்கு எதிராக இரண்டு கோல். இரண்டாவதை அடித்துவிட்டு ஓடாமல் அப்படியே நின்று இவரைப் பார்த்தான். நம் ஆட்கள் அவனை ஒன்றும் சொல்லவில்லை. இவரைத்தான் சொன்னார்கள். "வீட்டை போ மகேந்திரராசா" என்று இரத்தினசிங்கம் அங்கிள் பெயர் சொல்லிக் கத்தினார். இவ்வளவு வருடப் பழக்கத்தில் அவர் இவரைத் "தம்பி" என்றல்லாமல் கூப்பிட்டதே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் இவர் நேரே பிரதீஸிடம் நடந்தார். அடிதடி என்று நினைத்து நானும் பின்னால் ஓடினேன். இவர் அவனைக் கார் நிற்கும் பக்கம் கூட்டிக்கொண்டுபோய், தாய் எடுத்த போனைச் சொன்னார். படத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு, "சொல்லமாட்டன் எண்டு அவவுக்கு வாக்குக் குடுத்தனான், இண்டைக்கு மீறிப்போட்டன்" என்றார்.

பிரதீஸ் அதிரவில்லை அண்ணா. "எனக்குத் தெரியும் அங்கிள்" என்றான். வீட்டுக்கு ஆட்கள் வந்ததைத் தங்கச்சி முன்பே சொல்லிவிட்டாளாம், தாய் இவருக்குப் போன் எடுத்ததுதான் அவனுக்குப் புதிது. தங்கச்சி சொன்னது தாய்க்குத் தெரியாதாம். எல்லாம் தெரிந்துகொண்டுதான் விளையாடினாயா என்று நான் கத்திவிட்டேன். அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான், "முகாமில பேர் சொல்லிக் கூப்பிடமாட்டினம் அன்ரி. போட் நம்பர்தான். வெளியில வந்தும் விசாக் கந்தோருகளில நம்பர்தான். இஞ்ச கிரவுண்டிலதான் சனம் என்ர பேரைச் சொல்லிச்சுது." பிறகு, "நான் இப்ப என்ன செய்யிறது அங்கிள்?" என்று கேட்டான். மைதானத்தில் எல்லோருக்கும் என்ன செய்வது என்று கத்திக் கத்திச் சொல்கிற மனுஷன், "எனக்கும் தெரியேல்லை ராசா" என்றார்.

அவனாகவே போய் ஜெர்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இப்போது டண்டினோங் ஆட்களும் இவரைத் திட்டுகிறார்கள், இறுதியாட்டத்துக்கு முன் அவனுடைய மனதைக் கெடுத்துவிட்டாராம். இரண்டு பக்கத்துக்கும் பிடிக்காதவர் என்ற பெயரும் கிடைத்துவிட்டது. பிரதீஸ் இனி ஆட்டங்களுக்கு வரமாட்டான். புதன்கிழமைப் பயிற்சிக்கு மட்டும் வருகிறேன் என்றிருக்கிறான். அங்கே பார்க்க ஆளில்லை, சேகரும் வரமாட்டார். நம் பிள்ளைகள் காதிலிருந்து பாட்டைக் கழற்றிவிட்டு அவனைக் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

சனிக்கிழமை சங்கக் கூட்டம். இவரை நீக்கப்போகிறார்கள். இன்னொருவர் வந்தால் அவனை ஆட்டத்தில் இறக்கத்தான் பார்ப்பார், இல்லையென்றால் கல்லூரிப் பிள்ளை இல்லை என்று வெளியே விடுவார். அந்தப் புதன்கிழமையும் போய்விடும். நீங்கள் சிறிதரனுக்கு ஒரு சொல் சொன்னால் போதும். காரணம் மட்டும் சொல்லாதீர்கள், யோகா அக்காவுக்குக்கூட. நீங்கள் கப்டன், உங்களிடம் ஒருவரும் காரணம் கேட்கமாட்டார்கள். இவர் செய்தது சரியா பிழையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சரியென்று சொல்லச் சொல்லி உங்களை நான் கேட்கவில்லை.

நேற்றுப் பிரதீஸின் தாய் திரும்ப எடுத்தார். இவர் குளித்துக்கொண்டிருந்தார், நான்தான் கதைத்தேன். மகன் விளையாடுவதை விட்டுவிட்டான், பயப்படவேண்டாம் என்றேன். நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார். வைக்கப் போகும்போது, கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல, "அக்கா, ஒண்டு கேக்கட்டோ? நான் ஒருநாளும் பாத்ததில்லை. என்ர பிள்ளை நல்லா விளையாடுவானோ?" என்று கேட்டார்.

ஓம் என்று மட்டும்தான் சொன்னேன் அண்ணா. சனிக்கிழமைக்கு முன் சிறிதரனோடு கதையுங்கள். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் பிள்ளைகள் நாலுபேர் பார்க்க, படமெடுக்க, பயமில்லாமல் ஓடி விளையாடட்டும்.

உங்கள் தங்கை,
அருந்ததி மகேந்திரராசா