நான்காம் தடத்தில் பழைய கோடு

பிப்ரவரி 3

அன்புத் தங்கச்சி வெட்டுக்கிளிக்கு,

மைதானத்துச் சுண்ணாம்பு அண்ணன் எழுதுகிறேன். நான் நலம். நீ நலமா என்று என் கையாலேயே கேட்கும் நாள் வந்துவிட்டது. எழுபத்தொரு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். எட்டு மாதம் ஆகிறது. இந்தப் பக்கத்துக்கு மூன்று நாள் பிடித்தது. ‘ழ’ போடும்போது நாக்கும் கூடவே சுழல்கிறதாம், டீச்சர் சிரிக்கிறார்.

நீ ஓட்டத்தை விட்டு முப்பது வருடம் ஆயிற்று. உன் விலாசம் கோச் வீட்டில் கிடைத்தது.

ஒரு சங்கதி. மதியம் மைதானத்தைப் பூட்டிவிட்டுச் சாப்பிடுவேன். திரும்பி வந்து பார்த்தால் நான்காம் தடத்தில் ஓடின காலடி, ஸ்பைக்ஸ் ஷூவின் ஆணிக் குழிகள். வலது காலுக்கு ஆறு, இடது காலுக்கு ஐந்து. ஓர் ஆணி விழுந்த ஷூவோடு ஓடினவள் நீ ஒருத்திதான். மைதான ஆபீஸ் குமாஸ்தாவிடம் சொன்னேன். “பெரியவரே, கொஞ்சம் நெழல்ல ஒக்காருங்க” என்கிறார்.

எனக்குப் பயமில்லை. எழுத விஷயம் கிடைத்ததே.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணா,

கோடு போட்ட கையல்லவா, எழுத்து கோணினாலும் வரி நேராக இருக்கிறது.

நான் ஆறு மாதமாகப் படுக்கையில். இடது பக்கம் அசைவில்லை. மதியம் மாத்திரை போட்டதும் தூங்கிவிடுவேன். எழும்போது மூச்சு இரைக்கிறது. மருமகள் தினமும் என் காலைத் துடைக்கிறாள். “கட்டில விட்டு எறங்காத காலுக்கு ஏது அத்தை இவ்ளோ செம்மண்ணு?” என்றாள் நேற்று.

அந்தக் குழிகள் எங்கே நிற்கின்றன அண்ணா? அளந்து எழுதுங்கள்.

வெட்டுக்கிளி

மார்ச் 4

அன்புத் தங்கச்சிக்கு,

அளந்தேன். தொண்ணூற்றைந்து மீட்டர். அதற்குமேல் ஒன்றுமில்லை.

நான் எழுதக் கற்றதே இதைச் சொல்லத்தான். அடுத்தவர் கையால் எழுதவைக்க வாய் வரவில்லை.

உன் கடைசி நூறு மீட்டர்ப் பந்தயத்துக்கு முந்தின நாள் மழை. தொடக்கத்தில் தண்ணீர் நின்றது. தொடக்கக் கோட்டையும் முடிவுக் கோட்டையும் ஐந்து மீட்டர் முன்னால் நகர்த்திப் போடச் சொன்னார்கள். ஓட்டம் முடியும் இடத்தில் புதுக்கோடு போட்டுவிட்டுப் பழையதை இரண்டு ஓரத்திலிருந்தும் அழித்து வந்தேன். நடுவில் நான்காம் தடம் மட்டும் பாக்கி. அப்போது மேடை தூக்கக் கூப்பிட்டார்கள். மறந்துபோனேன்.

நீதான் முன்னால் வந்தாய். பழைய கோட்டையே முடிவென்று நம்பி, நெஞ்சை நீட்டி ஓட்டத்தை நிறுத்தினாய். மூன்று பேர் உன்னைத் தாண்டினார்கள். “கண்ண எங்கடி வச்சிருந்த?” என்று கோச் கத்தினார். எல்லோரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கோட்டை நான் காலால் தேய்த்துவிட்டேன். ஓடி முடித்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது என் வேலை. உனக்கு மட்டும் கொடுக்காமல் ஒளிந்துகொண்டேன்.

அண்ணன்

மார்ச் 15

அண்ணா,

அங்கே கோடு இருந்தது என்று எத்தனை பேரிடம் சொன்னேன். பிறகு நானே நம்பவில்லை. மகன் பிறந்தபோது அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்குச் சரியாகத்தான் தெரிகிறதா என்று நர்ஸிடம் கேட்டேன்.

உங்கள்மேல் கோபம் இருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். புதன்கிழமைக்குள் அந்த இடத்தைத் தோண்டுங்கள். மண்ணுக்குக் கீழே சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது. எனக்குத் தெரிகிறது. புதன் மதியம் முடிவில் ஒரே ஒரு கோடு இருக்கட்டும். மாத்திரையைச் சீக்கிரமே போட்டுக்கொள்கிறேன்.

வெட்டுக்கிளி

ஏப்ரல் 10

அன்புத் தங்கச்சிக்கு,

தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில், காலையில் போட்டதுபோல் வெள்ளையாகக் கிடந்தது. அள்ளிக் கொட்டிப் புதுமண் நிரப்பினேன். புதன் மதியம் மைதானத்து ஓரத்தில் உள்ள என் அறை வாசலில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வெளியே வந்தபோது குழிகள் தொண்ணூற்றைந்தைத் தாண்டிப் போயிருந்தன. முடிவுக் கோடு நடுவில் அறுந்திருந்தது. அதற்கப்பால் அடிகளின் இடைவெளி குறைந்து குறைந்து, ஆணிக் குழியும் நின்று, வெறும் பாதம். அது மைதானத்தைக் குறுக்காகக் கடந்து என் வாசல்படிவரை வந்திருந்தது. திரும்பிப் போன அடி இல்லை. டம்ளர் காலி.

அதற்குப் பிறகு உன் கடிதம் வரவில்லை. மருமகளுக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்றார் டீச்சர். நான் கேட்கவில்லை. தினமும் மதியம் தண்ணீர் வைக்கிறேன். தினமும் காலியாகிறது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. டம்ளருக்கு அடியில் வைக்கிறேன். எழுத்தைப் பெரிதாகத்தான் போட்டிருக்கிறேன். ஆனாலும் உன் கண்ணுக்கு அது தேவையில்லை. உன் கண்ணில் அன்றைக்கும் குறையில்லை.

உன் அண்ணன்