ஊதச் சொன்னது நான்

மார்ச் 4, செவ்வாய்

பஞ்சு மில்லில் சுகாதார வகுப்பு எடுக்கும் வேலை. முதல் நாள். அக்கா இங்கேதான் ஒன்பது வருஷமாகப் பஞ்சு பிரிக்கிறாள்.

மூட்டை தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கச் சொன்னேன். சுமை தூக்குகிற ஒருவன் எழுந்தான். குண்டூசி என்று கூப்பிடுகிறார்கள். “சார், ரெண்டு மெஷினுக்கு நடுவுல ஒன்றரை அடிதான் இடம். அதுல மடக்கினா என்னையும் சேத்துத் தூக்க ஆள் வேணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலில் போய் நின்றது. எண்ணினேன். நாற்பது பேரில் பதினேழு.

மார்ச் 6

தூசியை இழுக்கிற விசிறி கேட்டேன். யாருக்கு என்ன கோளாறு என்று முதலில் பட்டியல் கொடுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார் மேனேஜர். நியாயமாகத்தான் பட்டது.

மார்ச் 11

மூச்சு அளக்கும் குழாயில் ஒவ்வொருவராக ஊதினார்கள். அக்கா வரிசையில் பின்னால் பின்னால் நழுவினாள். எல்லாரும் மறைத்தால் விசிறி எப்படி வரும் என்று அதட்டினேன். ஊதினாள். முள் பாதிகூட ஏறவில்லை.

பெயரோடு எழுதினேன். வெறும் எண் போட்டிருக்கலாம். தோன்றவில்லை.

மார்ச் 12

பட்டியலைக் கொடுத்தேன். மேனேஜர் கை குலுக்கினார்.

மார்ச் 17

பதினோரு பேரை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். உடல் தகுதி இல்லையாம். ஆதாரம் என் பட்டியல், கீழே என் கையெழுத்து. அக்கா பெயர் மூன்றாவது.

மேனேஜரிடம் போய்க் கத்தினேன். அவர் குரலே உயரவில்லை. “நீங்க சொல்லிக் குடுத்தீங்க, அவங்களும் கத்துக்கிட்டோம்னு கையெழுத்துப் போட்டாங்க. அப்புறமும் மூச்சு இல்லேன்னா கம்பெனி என்ன பண்ணும்?”

வேலைய அங்கயே தூக்கிப் போட்டிருக்கணும். போடல. இப்போ வீட்டுல சம்பளம் வாங்குறது நான் ஒருத்தன்தானே — இது காரணமா, சாக்கா?

அக்கா சாப்பாடு போட்டாள். “நீ சொன்னேன்னுதான்டா ஊதினேன்.”

மார்ச் 29

அக்காவுக்கு வேறு மில்லில் வேலை கிடைத்துவிட்டது. அங்கேயும் குழாய் நீட்டினார்களாம். எதிர்வீட்டுப் பெண்ணை விட்டுத் தன் பெயரில் ஊதவைத்திருக்கிறாள். அதே பஞ்சு, அதே தூசி.

ஏப்ரல் 8, செவ்வாய்

வகுப்பு. நின்ற பதினோரு பேருக்குப் பதில் புது ஆட்கள்; மறுபடி நாற்பது பேர். ஒரு மணி நேரம் பேசினேன். ஒருத்தர்கூட இருமவில்லை. குண்டூசி துண்டை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னால் நின்றிருந்த மேனேஜர் வெளியே வந்து என் தோளில் தட்டினார்.

“பாத்தீங்களா? வகுப்பு வேலை செய்யுது.”