கவ்விக்குள் கிறீஸ்

ஜூலை 3, 2024

இறங்குதுறைக் கம்பத்தில் இந்தப் பெட்டியைப் பொருத்தி நாற்பது நாளாயிற்று. உள்ளே உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கொம்பியூட்டர், அதற்குக் கீழே பற்றரி, மேலே வெயில் தகடு. கடல் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அளந்து, மணிக்கொரு தரம் யூனிவர்சிட்டிக் கம்பஸுக்கு அனுப்புகிறதாம். துறைக் காவல்காரனான எனக்கு அதில் ஒரு வேலை. தகட்டைத் துடைக்கிறதுக்கு முதல் பொத்தானை அமர்த்தி, பச்சை லைற் மினுங்கி முடியுமட்டும் நின்று, பிறகு பற்றரிக் கவ்வியைக் கழற்ற வேண்டும். மினுங்கும்போது கழற்றினால் உள்ளே எழுதி வைத்ததெல்லாம் குழம்பிவிடும் என்று பெட்டியைக் கொண்டு வந்த கம்பஸ் பிரசாந்தினி மிஸ் மூன்று தரம் சொன்னா. எனக்கு ஒரு தரம் போதும்.

நடப்பதைக் குறித்து வைக்கவும் சொன்னா. எழுத்து எனக்குத் தெரியாது. மகள் தந்த போனில் கதைத்தால் அது எழுதுகிறது. எழுதியதை வாசிக்கவும் வராது. எழுபத்திரண்டு வருஷத்தை மண்டைக்குள் வைத்திருக்கிறவனுக்கு இது எதற்கு? சரி, கேட்டா, கதைக்கிறேன்.

காற்றெல்லாம் உப்பு. இரண்டு கவ்வியையும் கழற்றி, பற்றரி முனைகளுக்கு வடிவாகக் கிறீஸ் பூசித் திரும்பக் கொளுவினேன். ஐம்பது வருஷம் போட்டில் செய்த வேலை. கம்பஸ் பிள்ளைகளுக்கு உப்பைப் பற்றி என்ன தெரியும்?

ஜூலை 6

பெட்டி தானாக நின்றது. பகல் பத்து மணி. பச்சை மினுங்கவே இல்லை. கவ்வியைக் கழற்றிக் கொளுவ, வந்தது.

ஜூலை 8

இரண்டு தரம் நின்றது. பதினொரு மணி, மூன்று மணி.

ஜூலை 9

மிஸ் வந்து தன் கொம்பியூட்டரைக் கொளுவிப் பார்த்தா. "எழுதி முடிச்சு மூடாமலே கரண்ட் நிண்டிருக்கு ஐயா. ஆரோ வயரை இழுக்கினம் போல." பெட்டிக்குக் கிட்ட வருவது யார் என்று கேட்டா.

நான் யோசிக்கவில்லை. கம்பத்துக்குப் பக்கத்து வளையத்தில் போட்டைக் கட்டுகிறவன் இக்னேசியஸ். கரைக்கு வந்தால் பற்றரி வயரைக் கழற்றுவது எங்கள் எல்லாருக்கும் பழக்கம். அவன் மற்றவன் போட்டிலும் கழற்றுவான்.

"கண்டனீங்களோ?" என்றா மிஸ்.

"காணத் தேவையில்லை. எனக்கு அவனைத் தெரியும்."

தெரியாமலா? தொண்ணூற்று மூன்று, மாசி மாதம். மூதூரில் இருந்த காலம், நானும் அவனும் ஒரே போட். விடிய என் பெண்சாதி சுஹைராவுக்கு வயிற்றுவலி கண்டது, ஏழாம் மாதம். திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கடலால்தான் போக வேண்டும். மற்றப் போட்டெல்லாம் தொழிலுக்குப் போய்விட்டது. எங்கள் போட்டில் ஏற்றிவிட்டு எஞ்சினைத் தொட்டால் சத்தமில்லை. வயரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போயிருந்தான் இக்னேசியஸ். அவன் வீட்டுக்கு ஓடி வர அரை மணித்தியாலம். பிள்ளை நடுக்கடலில் பிறந்தது, உயிரோடு கரை காணவில்லை. ஆண் பிள்ளை. நான் அவனிடம் ஒரு சொல் கேட்கவில்லை. மறக்கவுமில்லை.

ஜூலை 12, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வர, பெட்டி நின்று கிடக்கிறது. இக்னேசியஸ் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் போட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். நீயா என்று கேட்டேன்.

"உன்ர பெட்டி உன்னை மாதிரித்தான் தாஹிர். மத்தியானமானா படுத்திடும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஜூலை 15

மிஸ் மீன்பிடிச் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறா. சங்கத் தலைவர் சிவகுருநாதன் வந்து, போட்டை இந்தத் துறையில் கட்ட வேண்டாம் என்று இக்னேசியஸிடம் சொன்னார். இருபது வருஷமாக அவன் கட்டுகிற வளையம். அவன் தலைவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"நீங்களோ சொன்னது?"

ஐம்பது வருஷத்தில் முதல் தரம் 'நீங்கள்' என்றான். ஓம் என்றேன். கயிற்றை அவிழ்த்தான். இறக்கக்கண்டியில் தன் மகள் ஜெனிதா வீட்டுப் பக்கம் போட்டைக் கொண்டு போய்விட்டான். போகட்டும். இனிப் பெட்டிக்கு நிம்மதி.

ஜூலை 17

நின்றது. பத்து மணி. வளையத்தில் எவனுமில்லை.

ஜூலை 18

நின்றது. மிஸ்ஸுக்குச் சொல்லவில்லை.

ஜூலை 19

நின்றது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? இறக்கக்கண்டியிலிருந்து கையை நீட்டிக் கழற்றுகிறானோ அவன்?

ஜூலை 22

கணக்கு வந்து சேராததால் மிஸ் தானே வந்தா. கரண்ட் அளக்கிற கருவியை வைத்து ஒரு மணித்தியாலம் கம்பத்தடியில் குந்தியிருந்தா. பற்றரி நல்லம். சும்மா இருக்கும்போது பெட்டிக்கும் கரண்ட் சரியாக வருகிறது. பத்து மணிக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியதும் அந்தக் கரண்ட் விழுந்தது. பெட்டி நின்றது. எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால், ஒரு கையும் படாமல்.

கவ்வியை இழுத்தா. விரலில் கறுப்பாக ஒட்டியது.

"இது ஆர் பூசினது?"

போட்டில் கவ்வியை ஸ்பனர் போட்டு முறுக்கும்போது கிறீஸ் பிதுங்கி வெளியே வந்துவிடும், இரும்பும் இரும்பும் முட்டும். இது சும்மா செருகுகிற சின்னக் கவ்வி. கிறீஸ் உள்ளுக்குள்ளேயே நின்று மறித்திருக்கிறது. அனுப்புகிற நேரம் பெட்டி கூடுதலாகக் கரண்ட் இழுக்கும், கிடைக்காமல் செத்துப் போகும். பத்து, பதினொன்று, மூன்று — மணி தவறாமல் என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். ஒரு தரமாவது யோசித்தேனா?

துணியால் துடைத்துக் கொளுவினா. பூசுவதென்றால் கொளுவிய பிறகு வெளியே பூசச் சொன்னா. ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லம். போகும்போது மட்டும், "அப்ப அந்த ஐயா?" என்றா.

ஜூலை 24

இறக்கக்கண்டிக்குப் பஸ்ஸில் போனேன். இக்னேசியஸ் வெளியில் கதிரை போட்டு இருந்தான். கிறீஸ் கதையை முழுக்கச் சொன்னேன். பிழை என்னுடையது என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தான்.

"பெட்டிக் கதை முடிஞ்சுது. மற்ற வயரைப் பற்றியும் கதையுங்கோவன்."

எந்த வயர் என்றேன். எந்த வயர் என்று எனக்குத் தெரியும்.

"தொண்ணூற்றி மூண்டு. கள்ளர் திரியிறாங்கள், இண்டைக்கு வயரைக் கழட்டி வீட்ட கொண்டு போ எண்டு முதல் நாள் பின்னேரம் உங்கட வாசல்ல வச்சுச் சொன்னது ஆர்?"

பொய் என்றேன். ஜெனிதா தேத்தண்ணி கொண்டு வந்தா. குடிக்காமல் எழும்பி வந்தேன்.

ஜூலை 25

மண்டையைத் தோண்டித் தோண்டிப் பார்க்கிறேன். ஓடியது இருக்கிறது. சேற்றில் செருப்பு அறுந்தது இருக்கிறது. அவன் பெண்சாதி கதவைத் திறந்தது இருக்கிறது. முதல் நாள் பின்னேரம் மட்டும் இல்லை.

சுஹைராவிடம் கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. கையை நிற்பாட்டவில்லை.

"ஓம். நீங்கதான் சொன்னீங்க. நான் குசினி அடுப்படியில நிண்டு கேட்டனான்."

முப்பத்தொரு வருஷமாக ஏன் சொல்லவில்லை?

"நீங்க கேக்கல்லையே. புள்ள போன பிறகு அவரை வெறுத்துத்தான் எழும்பி நடந்தீங்க. அதையும் பறிச்சா என்ன மிஞ்சும்?"

ஜூலை 26

ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 9

கிறீஸ் துடைத்துப் பதினெட்டு நாள். பெட்டி ஒருக்காலும் நிற்கவில்லை. பொத்தானை அமர்த்தினால் மினுங்கி, அடங்கி, ஒழுங்காக மூடுகிறது.

சிவகுருநாதன் ஆள் அனுப்பி, திரும்பி வரலாம் என்று இக்னேசியஸுக்குச் சொல்வித்தார். இறக்கக்கண்டியே தனக்கு வசதி என்று பதில் வந்தது. வளையத்தை வேறொருவன் கேட்கிறான். கொடுக்க வேண்டாம் என்று தலைவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

இன்றைக்கு மிஸ் வந்து, போன மாதம் துறையில் தண்ணீர் மூன்றாம் படிக்கு ஏறியது எந்த நாள் என்று கேட்டா. "ஐயாவுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே."

ஐந்தாம் தேதி, அஸர் தொழுகைக்குப் பிறகு. வாய்வரை வந்தது.

"பெட்டியைக் கேளுங்கோ மிஸ்" என்றேன்.