பெல் பெர்ஜ் கரையில் மிருணாளினி

மார்ச் 4, செவ்வாய்
கடைக்குப் போனேன். முருங்கைக்காய் வந்திருந்தது. கட்டுக் கட்டி அடுக்கினேன். தங்கச்சி அமெரிக்காவில் செத்துப் போன கிழமைதான் இது. முதலாளி மரியரட்ணம் வீட்டில் நிற்கச் சொன்னார். வீட்டில் நின்று என்ன செய்வது?

மார்ச் 6
லாரா போன் எடுத்தாள். தங்கச்சி மிருணாளினியின் ஒரே மகள். அமெரிக்காவில் பிறந்தவள், தமிழ் தட்டித் தட்டித்தான் வரும். அம்மாவின் சாம்பலை என்ன செய்வது என்று கேட்டாள். தகப்பனும் இல்லை, நான்தான் சொல்ல வேண்டுமாம். ஊருக்குக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைப்பதுதான் முறை என்றேன். சரி என்றாள். பிறகு, அம்மா இருந்த அமெரிக்க ஊரின் சனம் அந்தச் சாம்பலைத் தங்கள் சவக்காலையில் வைக்கக் கேட்பதாகச் சொன்னாள்.
அவர்களுக்கு இவள் என்ன முறை?

மார்ச் 7
அழுகை வரவில்லை. பசி வருகிறது.

மார்ச் 9, ஞாயிறு
பெல் பெர்ஜ். மிசிசிப்பிக் கரையில் முந்நூறு பேர் இருக்கிற ஊர். நான் இருக்கிற இந்த நாட்டிலிருந்து தோல் வியாபாரத்துக்குப் போன பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர், அழகான ஆற்றங்கரை என்று. இப்போது அங்கே ஒருத்தருக்கும் பிரெஞ்சு தெரியாது. 'பெல் பர்ஜ்' என்கிறார்கள். கலியாணம் முடித்து அங்கே போனவள், கடைசியில் ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கே தலைவியாகி, வருகிறவர்களுக்குப் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒருநாளும் போகவில்லை. விசா, லீவு — ஏதோ ஒன்று.

மார்ச் 12
லாரா வீடியோ அனுப்பியிருந்தாள். வேலை முடிந்து, நான் இருக்கிற கார்ஜுக்கு ரயிலில் வரும்போது பார்த்தேன். மிருணாளினி மழைக்கோட்டுப் போட்டு நிற்கிறாள். மரங்களை நெட்டுக்கு நட்டுக் கட்டிய ஒரு பழைய சுவரைத் தொட்டுக் காட்டுகிறாள். எங்கட வீட்டு உச்சரிப்பிலேயே இங்கிலீஷ். ஆறு ஊருக்குள் வந்த வருடத்தைச் சொல்கிறாள். அவள் பிறக்க நூறு வருடம் முந்திய கதை. ஆனால் அந்த வெள்ளத்தில் நாங்கள் பதினொரு வீட்டை இழந்தோம் என்றாள்.
'வீ' என்றாள். நாங்கள்.
எந்த நாங்கள்? சண்டை நேரம், ஊரில் சுண்ணாகத்தில் எங்கட வீடு செல் குண்டு விழுந்து போனபோது இவள் வாய் திறக்கேல்லை. பிறகும் ஒருநாள் கதைக்கேல்லை. இஞ்சை, ஆரோ ஒருத்தற்றை வீட்டுக்கு, குரல் உடைஞ்சு நிக்கிறாள்.
திரும்பவும் போட்டுப் பார்த்தேன். கார்ஜில் இறங்கவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தேன்.

மார்ச் 13
லாராவுக்குப் போன் எடுத்தேன்.
"அம்மாவை அங்கையே வையுங்கோ பிள்ளை."
"கீரிமலை, மாமா?"
"வேண்டாம்."
அழுதாள்.

ஏப்ரல் 26, சனி
இன்று சாம்பலைச் சவக்காலையில் வைத்தார்கள். லாரா போனில் காட்டினாள். கடை வாசலில் நின்று பார்த்தேன், மரியரட்ணமும் பக்கத்தில் வந்து நின்றார். வயதான வெள்ளைக்காரர் பத்துப் பதினைந்து பேர், தொப்பியைக் கையில் பிடித்தபடி. பின்னால் ஆறு, மண்ணிறமாக. ஒரு கிழவர் குந்தியிருந்து கையால் மண்ணை அள்ளி மூடினார்.
கல்லில் பெயருக்குக் கீழே இடம் விட்டிருக்கிறதாம். அம்மா பிறந்த ஊரைப் போடவா என்று லாரா கேட்டாள்.
"ஒண்டும் வேண்டாம் பிள்ளை. அவள் தன்ரை ஊரிலைதானே கிடக்கிறாள்."