ஐந்தாவது சூட்டுக்கான துணி

உன் தகரப் பேணியை இன்று காலை திறந்தேன். சீ, அதே கூழ்முட்டை நாற்றம். நீ போனபின் துவக்கோடு சேர்த்து அதையும் உன் மனைவி என்னிடம் தந்துவிட்டார். கண்ணில் படாமல் இருந்தால் போதுமாம்.

புலம்பெயர்ந்து வந்த டூங்கபியில் உன் கராஜுக்குள் எட்டு மாதம் மரத்தையும் இரும்பையும் ராவி ராவி நாம் இருவரும் செய்த துவக்கு. குழலின் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, ஈரத்துணியில் பொதிந்த ஈயக்குண்டைத் தடியால் இடித்து இறக்கிச் சுட வேண்டும். இலக்குத் தாளைத் தவிர வேறெதையும் நாம் சுட்டதில்லை. சுட்டுவிட்டு வந்து குழலைக் கழுவினால் உன் குளியல் தொட்டியெல்லாம் கறுப்புத் தண்ணீர்.

"இஞ்சினியருக்குப் படிச்சுப்போட்டு இஞ்ச வந்து கக்கூஸ் கழுவுற மாதிரிக் கிடக்கு" என்று புறுபுறுப்பேன். நீ சிரிப்பாய்.

அதையாவது பொறுத்தேன். நீ துணி நனைக்கும் விதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. வட்டமாக வெட்டிய துண்டை வாயில் அதக்கி, எச்சிலோடு எடுத்துக் குழலில் வைப்பாய். நாம் சுடப் போகும் கிளப்பில் வெள்ளைக்காரர்களும் அப்படித்தான். எச்சில் பட்ட கோப்பையைப் புறம்பாகக் கழுவும் வீட்டில் வளர்ந்தவன் நான். போத்தல் தண்ணீரில்தான் நனைப்பேன். பாதி நாள் எனக்குத் துவக்கு வெடிக்காது.

"தண்ணி கூடினா மருந்து நனைஞ்சிடும் மச்சான். எச்சில்தான் பதம்" என்பாய்.

கழுத்துப் புற்றுக்குக் கதிர் அடித்து முடிந்தபின் ஒரே ஒருமுறை கிளப்புக்கு வந்தாய். இனி வரமாட்டாய் என்று இருவருக்கும் தெரியும். ஐந்து சூட்டில் நாலு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்துவிட்டன. ஐந்தாவதும் விழுந்தால் அந்த வருடக் கிண்ணம் உனக்கு. கொண்டுவந்ததில் மிஞ்சியிருந்த ஒரே துண்டை வாயில் போட்டு மென்றாய், மென்றுகொண்டே இருந்தாய். கதிர் உன் உமிழ்நீரை வற்றச் செய்திருந்தது. காய்ந்தபடியே எடுத்து என்னிடம் நீட்டினாய்.

"மச்சான், ஒருக்கா நனைச்சுத் தாவன்."

"சீ, எச்சில். இந்தா, தண்ணி."

என் முகத்தைப் பார்த்தாய். பிறகு போத்தலை வாங்கினாய். குண்டை இடித்து இறக்கி விசையை இழுத்தாய். துவக்கின் குதிரை விழுந்து 'டக்' என்றது, அவ்வளவுதான். மருந்து நனைந்துவிட்டது.

"பரவாயில்லை, விடு" என்றாய்.

அன்று பின்னேரம், கிண்ணம் வென்ற வெள்ளைக்காரன் தான் குடித்துக்கொண்டிருந்த பியர் போத்தலை என்னிடம் நீட்டினான். வாங்கி, வாய் வைத்துக் குடித்தேன். நீ எதிரே கதிரையில் உட்கார்ந்திருந்தாய். நான் அருவருத்தது எச்சிலை அல்ல, உன் நோயை என்று உனக்கு அப்போதே விளங்கியிருக்கும். தூ, நானும் ஒரு மனிசன். வீடு வரும்வரை காரில் நீ கிரிக்கெட்டைப் பற்றித்தான் கதைத்தாய்.

பேணியில் நீ வெட்டி வைத்த துண்டுகள் இன்னும் கிடக்கின்றன. சற்று முன் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். கந்தகமும் பழைய எண்ணெயும் குமட்டிக்கொண்டு வந்தன. துப்பவில்லை.

பத்து எண்ணுவதற்குள் நனைந்துவிட்டது மச்சான்.