நான்கு கோடுகளின் சாட்சி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பா எப்போதும்போல் நலம், நான் போன வியாழக்கிழமையிலிருந்து நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து யோசனை சொல்வாய், அதனால்தான் கடிதம்.

இடது கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட்ட நாளிலிருந்து நான்கு மாதம் தாடை வலித்தது உனக்குத் தெரியும். வாயை மூடினால் அந்தப் பக்கம் முதலில் இடிக்கிறது என்று போட்ட டாக்டரிடமே நான்கு முறை சொன்னேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துத் தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டு, குற்றம் அதற்குப் பின்னால் இருக்கும் பல்லுடையது, பிடுங்கிவிடலாம் என்று தேதி கொடுத்தார். ஐம்பது வருடமாக ஒரு நாள் லீவு போடாத பல் அது. உன் அப்பா, வயசானா அங்கங்க வலிக்கத்தான் செய்யும் என்றார். உன் அத்தை, பல்லக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துக்குங்க அண்ணி என்றாள், வியாதியே அதுதான் என்பது பிறகுதான் தெரிந்தது. நீ, எல்லாம் டென்ஷன்மா, மூச்சை நல்லா இழுத்து விடு என்றாய். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நான் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிடுங்க இரண்டு நாள் இருக்கும்போது பல் மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்பினேன், உன் அப்பாவும் துணைக்கு வந்தார். அங்கே தாடைச் சதை எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் மெஷின் இருக்கிறது. ஒரு பெண் என் இரண்டு கன்னத்திலும் இரண்டு நெற்றிப்பொட்டிலும் வில்லை ஒட்டி வயர் மாட்டினாள், திரையில் நான்கு கோடு, சும்மா இருந்தால் படுத்திருக்கும், கடித்தால் எழும்பும். படுத்துத்தான் இருந்தன. அப்போது உன் அப்பா, இவ சுபாவமே அப்படிம்மா, எதையும் பெருசாக்குவா என்று அவளுக்கு விளக்கத் தொடங்கினார். நான்கும் துள்ளி எழுந்தன. பாத்தியா என்று அவர் அதையே ஆதாரமாகக் காட்டினார். சார், நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க என்றாள் அந்தப் பெண். கதவு சாத்தியதும் கோடுகள் படுத்துக்கொண்டன. இதைப் பற்றி நான் கருத்துச் சொல்ல விரும்பவில்லை.

பிறகு இரண்டு பக்கமும் பஞ்சு வைத்துக் கடிக்கச் சொன்னாள், இடமும் வலமும் சமமாக எழும்பின. பஞ்சை எடுத்துவிட்டுக் கடித்தேன், இடது ஓங்கியது, வலது பாதிகூட வரவில்லை. பேராசிரியை வந்து பார்த்து, சதையில கோளாறு இல்லம்மா, பல்லு சேர்றதுதான் கோணல் என்றார். இடிக்கிற இடத்தில் நிறம் ஒட்டும் நீலக் காகிதத்தைக் கடிக்க வைத்தார், கேப்பின் மேல் மட்டும் மை அப்பியது போல் புள்ளி. அந்த இடத்தைப் பத்து நிமிடம் ராவினார். கேப் கூடுதலாக நின்றது ஒரு தலைமுடி கனம்தான் இருக்குமாம். அந்தத் தலைமுடிக்காக ஒரு நல்ல பல்லைப் பிடுங்க இருந்தார்கள்! பழைய டாக்டருக்கு போன் செய்து தேதி வேண்டாம் என்று விவரம் சொன்னேன். இடிக்குதுன்னு அப்பவே சொல்லியிருக்கலாமே என்கிறார்.

சும்மா இருக்கும்போது உதடு சேரலாம், பல் சேரக் கூடாது என்பது பேராசிரியையின் உத்தரவு. கோடுகள் அச்சான தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பேனாவால் வட்டம் போட்ட இடம் உன் அப்பா. எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். ஒன்று மறக்காதே, குழந்தை வலிக்கிறது என்று சொன்னால் மூச்சு இழுக்கச் சொல்லாதே, முதலில் எங்கே என்று கேள். நான்கு மாதத்தில் என்னிடம் அதைக் கேட்டது அந்த மெஷின் ஒன்றுதான்.

இப்போது இரண்டு பக்கமும் மெல்லும்,
உன் அம்மா