பாறைப்பாசி நிறத்தில் ஒரு வண்டி

ஓமரு,
4 மார்ச் 1991

அன்புள்ள ஏவிஸ்,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் வைத்துவிடாதே. நலம் விசாரித்து நிதானமாக எழுதும் நிலையில் நான் இல்லை. நம் மகன் ரோவனின் வண்டி கிடைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ரான்ஃபர்லி பக்கம் ஒரு பண்ணைக்கு வேலிக்கம்பி வாங்கப் போனேன். கொட்டகையில் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால், கோழிகள் அடைந்து கிடக்க, அவனுடையதைப் போலவே இரண்டு பேர் உட்காரும் இங்கிலாந்து கார். சிவப்பு என்று பண்ணைக்காரி சொன்னாள். எனக்குத்தான் சிவப்பும் பச்சையும் ஒன்றாயிற்றே. "எங்க வீட்டுக்காரர் எங்கேயோ புடிச்சுட்டு வந்தாரு. எந்த வருஷம்னு எல்லாம் கேக்காதே, அவரே போய்ச் சேர்ந்துட்டாரு. உனக்கு வேணும்னா எடுத்துட்டுப் போ, கோழிக்கு நான் வேற இடம் பாத்துக்கறேன்" என்றாள்.

எண் பொறித்த தகட்டைக் காணோம். எஞ்சினும் மாற்றியது. ஆனால் ஓட்டுபவர் இருக்கையை இன்னும் பின்னால் தள்ள யாரோ புதிதாகத் துளை போட்டிருக்கிறார்கள். ரோவனின் நீளக் கால்களை நீ மறந்திருக்க மாட்டாய்.

அன்று மீன் பிடிக்கப் போன கடற்பாறைமேல் அவன் தூண்டிலும் சட்டையும் மட்டும் கிடந்தன. பேரலை அவனையும் வண்டியையும் கொண்டுபோயிற்று என்று போலீஸ் முடித்துவிட்டது. இது அவன் வண்டியென்றால், ஏவிஸ், அது கடலுக்குப் போகவே இல்லை. அப்படியானால் அவன்?

பழைய வண்டியைப் புதுப்பிக்கிறேன் என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். இந்தச் சிவப்புக்கு அடியில் தொழிற்சாலையில் அடித்த முதல் நிறம் எது என்று தெரிந்தால் போதும். அவனுடையது எப்படி இருந்தது என்று எழுது. நீதான் நாள்தோறும் அதைப் பார்த்தவள்.

உன் பதிலுக்காகத் தபால் பெட்டியருகே நிற்கும்,
லெய்ட்டன்


நெல்சன்,
13 மார்ச் 1991

லெய்ட்டன்,

வேண்டாம். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாங்கரேயில் ஒரு பேருந்து ஓட்டுநர் அவனைப் போலவே இருக்கிறான் என்று போனாய். டனீடன் ஆஸ்பத்திரியில் பெயர் தெரியாத ஒருவன் படுத்திருக்கிறான் என்று போனாய். ஒவ்வொரு முறையும் நீ திரும்பி வந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்க முடியாமல்தான் உன்னை விட்டு இந்த ஊருக்கு வந்தேன். இங்கே கம்பளிநூல் கடையில் வேலை, வீட்டு வாசலில் ஓர் எலுமிச்சை மரம், பக்கத்து வீட்டில் ஓயாமல் பேசும் ஒருத்தி. மூச்சு விடப் பழகியிருக்கிறேன். அதைக் கெடுக்காதே.

அதே மாதிரி வண்டிகள் இந்தத் தீவில் எத்தனையோ ஓடின.

நிறம் கேட்டாய். பச்சை என்றும் சொல்ல முடியாது, சாம்பல் என்றும் சொல்ல முடியாது. 'பாறைப்பாசி' என்று கம்பெனி பெயர் வைத்திருந்தது. ஒரே ஒரு வருடம்தான் அந்த நிறத்தில் செய்தார்கள் என்று அவன் பெருமையடித்துக்கொள்வான். மேகம் மூடினால் ஈரக் கல் மாதிரி இருக்கும், வெயில் வந்ததும் பச்சை மேலே எழுந்து வரும். இதைக்கூட நான் எழுதியிருக்கக் கூடாது.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு.
ஏவிஸ்


ஓமரு,
20 மே 1991

அன்புள்ள ஏவிஸ்,

கோபப்பட்டாலும் படித்துவிடு.

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் போய்விட்டது. சிவப்புக்கு அடியில் வெள்ளை, அதற்கடியில் ஒன்று. பெயிண்ட் கடைக் கொலினை இழுத்துவந்து காட்டினேன். "பச்சைதான்" என்றான். நான் கொட்டகையிலேயே உட்கார்ந்து அழுதேன், ஏவிஸ். அவன் என் தோளைத் தொட்டு, "பெரியவரே, அவசரப்படாதீங்க. இது அடிப்பூச்சு. அந்தக் கம்பெனி எல்லா வண்டிக்கும் இதைத்தான் முதல்ல அடிச்சது. நிறத்தை முன்னாடியே எவனோ சுரண்டிட்டான்" என்றான்.

கதவு ஓரம், பின்பெட்டி, பெட்ரோல் தொட்டியின் அடி, எங்கும் சுரண்டிவிட்டார்கள். கடைசியில் கொலின்தான், "வெயிலும் படாம கையும் எட்டாத இடம் ஒண்ணு இருக்கு" என்று ஓட்டுபவர் முன்னால் மீட்டர்கள் இருக்கும் பலகையைக் கழற்றச் சொன்னான். கம்பிகளுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு நிறம் அப்படியே இருந்தது. தொழிற்சாலையை விட்டு வந்த அன்று இருந்தபடி.

ஆனால் கம்பெனியின் பழைய நிற அட்டையோடு ஒப்பிட்டால் இரண்டு பெயர் பொருந்துகிறது. ஒன்று பாறைப்பாசி, இன்னொன்று 'பனிப்புகை'. அட்டையே மங்கிப்போயிருக்கிறது. "ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு. மகனோட வண்டியைப் பாத்தவங்கதான் சொல்லணும்" என்கிறான். நான் பார்த்தவன்தான். என் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

நிறம் மிஞ்சியிருந்த அந்த இடத்துத் தகட்டை வெட்டி, பஞ்சு சுற்றி இதோடு அனுப்பியிருக்கிறேன். நூல்கண்டின் நிறத்தை ஜன்னலருகே பிடித்தே சொல்லிவிடுபவள் நீ. ஒரு சொல் போதும். ஆமாம், அல்லது இல்லை. இல்லை என்றால் வண்டியைக் கோழிகளுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். சத்தியமாக.

உன்னைக் கெஞ்சிக் கேட்கும்,
லெய்ட்டன்


நெல்சன்,
17 ஜூன் 1991

லெய்ட்டன்,

பொட்டலம் வந்து பல நாள் ஆகிறது. 'இல்லை' என்று ஒரு கடிதம் எழுதி, தபால்தலையும் ஒட்டிவிட்டேன். கடைக்குப் போகும் வழியில் போட்டிருந்தால் உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. போட முடியவில்லை. கிழித்துவிட்டேன்.

தகட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துப் பார்த்தேன். மழையில் பார்த்தேன். வெயிலில் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி, "என்ன ஏவிஸ், தகரத்துக்கு வெயில் காட்டிக்கிட்டு இருக்கே, காய வச்சா விளையுமா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

ஆமாம். அவனுடைய நிறம்தான்.

இனி நான் சொல்வதையும் கேள். கடல் எடுத்துக்கொண்டது என்றால், அவன் நம்மைவிட்டுப் போகவில்லை என்று அர்த்தம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் இருந்தேன். இப்போது நீ என்ன கொண்டுவந்திருக்கிறாய்? தூண்டிலைப் பாறையில் போட்டு, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் எவனுக்கோ கொடுத்துவிட்டு நடந்து போன ஒரு பிள்ளையை. பெற்றவளுக்கு ஒரு வரி எழுதாத பிள்ளையை. நம் வீட்டு விலாசம் அவனுக்குத் தெரியாதா?

உனக்கு மகன் கிடைத்தான். சந்தோஷப்படு. என் மகனை நீ எடுத்துக்கொண்டாய்.

தேடப்போகிறாய் என்று தெரியும். என்னிடம் எதையும் சொல்லாதே.

ஏவிஸ்


ஓமரு,
28 அக்டோபர் 1991

என் அன்பு ஏவிஸ்,

சொல்லாதே என்றாய். பேச்சை மீறி எழுதுகிறேன்.

தேடினேன். பத்திரிகைகளில் போட்டேன். ஆட்டுக் கம்பளி வெட்டும் முகாம்களிலும் ஆப்பிள் தோட்டங்களிலும் அவன் படத்தைக் காட்டினேன். "இந்த வயசுப் படத்தை வச்சுக்கிட்டு இப்ப யாரைக் கண்டுபிடிப்பீங்க?" என்று ஒருவன் கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான். இனி எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியவில்லை.

வண்டிக்கு நிறம் அடித்தாயிற்று. கொலின் கலந்து கலந்து பார்த்து, "சரியா வந்துருக்கா பெரியவரே?" என்றான். சரி என்றேன். எனக்கென்ன தெரியும்? உலகத்தில் அதைச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவன் எங்கேயென்று தெரியவில்லை.

அதனால் ஓட்டிக்கொண்டு வருகிறேன். அந்த நிறம் சாலையில் போனால் அவன் கண்ணில் என்றைக்காவது படும். கை காட்டுவதும் காட்டாததும் அவன் விருப்பம். ஆனால் நிறம் தப்பாக இருந்தால் அவனுக்கு எப்படித் தெரியும்? பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, உன் வீட்டு வாசலில் நிறுத்துவேன். நீ வெளியே வர வேண்டாம். என்னோடு பேச வேண்டாம். ஜன்னலிலிருந்து ஒருமுறை பார்த்து, பிறகு எழுதிப்போடு.

லெய்ட்டன்


நெல்சன்,
11 நவம்பர் 1991

லெய்ட்டன்,

நேற்று நீ வெகுநேரம் வாசலில் நின்றுவிட்டுப் போனாய். நான் உள்ளேதான் இருந்தேன். கதவுக்குப் பின்னால், தரையில்.

நீ வரும் நாள் என்று எனக்குத் தெரியும். ஜன்னலருகே நாற்காலி போட்டுக் காத்திருந்தேன். வருவது நீதான் என்று மனதுக்கு ஆயிரம் முறை சொல்லிவைத்திருந்தேன். ஆனால் அந்த நிறம் தெருமுனையில் திரும்பியபோது எதுவும் நிற்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு செருப்பில்லாமல் படியிறங்கி ஓடிவந்தேன். "எங்கடா போயிருந்தே இத்தனை நாளா!" என்று கத்தினேன். உனக்குக் கேட்டதோ என்னவோ.

கதவு திறந்தது. இறங்கியது நீ.

நான் உள்ளே போய்த் தாழ் போட்டதற்கு என்னை மன்னித்துவிடு. உன் முடி இவ்வளவு நரைத்திருக்கும் என்று நினைக்கவில்லை.

நிறம் சரிதான், லெய்ட்டன். இம்மிகூடப் பிசகவில்லை. அவன் கண்ணில் பட்டால் தெரிந்துகொள்வான்.

இனி அதை இங்கே கொண்டு வராதே. நீயும் வராதே.

ஏவிஸ்